நனைந்த ஹார்டு டிஸ்க்கில் யார் பெயர் இருக்கிறது?

[திரை: மழை வெள்ளம் வடிந்த கடலூர் மஞ்சக்குப்பம். ஒரு கிளினிக் வாசலில் சேறு படிந்த கம்ப்யூட்டர்.]

வணக்கம். 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல். 2015-இல் வெள்ளம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். ஒவ்வொரு முறையும் கடலூர், புதுச்சேரி பக்கம் நனைந்த கம்ப்யூட்டர்கள் சர்வீஸ் கடைக்குப் போகும். தேறாதவை காயலான் கடைக்குப் போகும்.

கம்ப்யூட்டர் ஓடவில்லை என்பதால் டிஸ்க்கும் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அதைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினால் நோயாளியின் பெயர், போன் நம்பர், என்ன வியாதி எல்லாமே படிக்கக் கிடைக்கலாம். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இதைத் தடுக்காது. ஃபைலை நேராகத் திறப்பவரிடம் பாஸ்வேர்டை யார் கேட்பது?

[திரை: ஒரே ஃபைல், இரண்டு விதமாக. ஒன்றில் பெயர்கள் தெரிகின்றன, மற்றதில் வெறும் குழப்பமான எழுத்துகள்.]

இதற்குத்தான் சேமிப்பிலேயே என்க்ரிப்ஷன், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தரவை உருமாற்றிப் பூட்டுவது. மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேரில், அதன் வழக்கமான சேமிப்பு முறையான இன்னோடிபியில் உள்ள டேபிள்களுக்கு 5.7.11 பதிப்பிலிருந்தே இந்த வசதி உண்டு. டிஸ்க்கில் எழுதும்போது ஏஇஎஸ் என்ற என்க்ரிப்ஷன் முறையில், 256 பிட் சாவியால் பூட்டுகிறது. படிக்கும்போது மெமரியில் திறக்கிறது. உங்கள் பில்லிங் சாஃப்ட்வேரில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். அதே காரணத்தால், சரியான லாகினோடு உள்ளே வருபவருக்கு எல்லாம் திறந்தே தெரியும். அந்தத் திருட்டுக்கு இது மருந்தல்ல.

[திரை: சிறிய சாவிகள் பல, அவற்றைப் பூட்டும் பெரிய சாவி ஒன்று.]

சாவிகள் இரண்டு அடுக்கு. ஒவ்வொரு டேபிள்ஸ்பேசுக்கும், அதாவது டேபிள்களின் தரவு இருக்கும் ஃபைலுக்கும், ஒரு சாவி, அவற்றை எல்லாம் பூட்ட ஒரு மாஸ்டர் கீ. மாஸ்டர் கீயை மாற்றினால் சிறிய சாவிகள் மட்டுமே மறுபடி பூட்டப்படும், தரவைத் தொட வேண்டியதில்லை. அதனால் பெரிய டேட்டாபேசிலும் வேலை சட்டென்று முடியும்.

அந்த மாஸ்டர் கீ எங்கே இருக்கிறது? பல இடங்களில் அதே டிஸ்க்கில், ஒரு சாதாரண ஃபைலில். வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவது போலத்தான். சாவிகளைப் பாதுகாக்கவே இருக்கும் தனி கம்ப்யூட்டரில், அதாவது கீ மேனேஜ்மென்ட் சர்வரில், சாவியை வையுங்கள். அதன் பேக்கப் கடலூருக்கு வெளியேயும் இருக்கட்டும். சாவி தொலைந்தால் டேட்டாவை யாராலும் மீட்க முடியாது, உங்களாலும்தான்.

[திரை: பேக்கப் ஃபோல்டர், ஒரு பென் டிரைவ்.]

அப்புறம், பலரும் கவனிக்காத ஓட்டைகள். டேபிள் பூட்டியிருந்தாலும் மைஎஸ்க்யூஎல்டம்ப் என்ற பேக்கப் கருவி எடுக்கும் ஃபைல் வெறும் டெக்ஸ்ட்தான். அதைத் தனியாக என்க்ரிப்ட் செய்யாமல் பென் டிரைவில் போட்டால் பட்ட பாடெல்லாம் வீண். டேட்டாவில் நடக்கும் மாற்றங்களை மைஎஸ்க்யூஎல் குறித்துவைக்கும் ரீடூ லாக், அண்டூ லாக், பைனரி லாக் மூன்றுக்கும் என்க்ரிப்ஷன் தானாக ஓடாது. மைஎஸ்க்யூஎல் 8.0 பதிப்பில் அதற்குத் தனித்தனி செட்டிங் இருக்கிறது, நீங்கள்தான் போட வேண்டும்.

சரி, ஐப்பசி மழைக்கு முன் ஒரு வேலை. டேட்டா ஃபைல்களின் பேக்கப்பை வேறொரு மெஷினுக்குக் கொண்டுபோய், சாவி இல்லாமல் ஒரு முறை, சாவியோடு ஒரு முறை ஏற்றிப் பாருங்கள். முதல் முறை திறக்கக் கூடாது. இரண்டாவது முறை பழைய நோயாளி ஒருவரின் பதிவு முழுதாக வர வேண்டும்.