கனகராயன்குளமா முதலில், மாங்குளமா?

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன். இவை இலங்கையின் ஏ-9 வீதியில் வரிசையாக வரும் ஊர்கள். அந்த வீதியைத் தெரியாத ஒருவருக்கு இந்த எட்டுப் பெயர்களையும் ஒருமுறை வாசித்துவிட்டு, அதே ஒழுங்கில் சொல்லச் சொல்லுங்கள். வவுனியா தவறாது. பரந்தனும் பெரும்பாலும் வந்துவிடும். தடுமாற்றமெல்லாம் நடுவில்தான். பெயர் ஞாபகத்தில் இருக்கும், இடம் மாறிவிடும். அதுவும் பக்கத்துப் பெயரோடுதான் மாறும். ஓமந்தை பரந்தனுக்குப் பக்கத்தில் போய் நிற்பது அரிது.

1885இல் நினைவாற்றல் பற்றிய தம் ஆய்வை வெளியிட்ட ஜெர்மானியரான எபிங்ஹாஸ், பட்டியலில் ஒவ்வொன்றும் அடுத்ததை இழுத்து வருகிறது என்று கருதினார். அப்படியென்றால் சங்கிலியில் ஒரு கண்ணி குழம்பினால் அதற்கு அடுத்ததும் குழம்ப வேண்டும். 1968இல் பிரித்தானிய உளவியலாளர் அலன் படெலி, ஒலி ஒத்த எழுத்துகளையும் ஒவ்வாதவற்றையும் மாறிமாறி அடுக்கிச் சோதித்தார். ஒத்தவை தமக்குள் இடம் மாறின; இடையில் இருந்தவை அதனால் பாதிக்கப்படவில்லை. ஆகவே மனம் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தோடு சேர்த்தே வைக்கிறது என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நம் பட்டியலிலும் ‘குளம்’ என்று முடியும் மூன்றும்தான் ஒன்றோடொன்று மாறப் பார்க்கும்.

ஓரத்தில் இருப்பதற்கு அயல் ஒரு பக்கம் மட்டுமே. தொடக்கமும் முடிவும் குழம்பாமல் தப்புவதற்கு அதுவும் ஒரு காரணம். எனவே ஓரங்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். பத்து இலக்கத் தொலைபேசி எண்ணை மூன்று, மூன்று, நான்கு என்று பிரித்து, இடையில் சற்று நிறுத்திச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் கிடைத்துவிடும். இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு: ஒரு பிரிவின் நடு இலக்கம் அடுத்த பிரிவின் நடுவுக்குத் தாவலாம். கேட்பவர் மனதுக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவரைப் பேச வைத்தாலும் எண் கலைந்துவிடும்.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் பட்டியலைப் பெரும்பாலும் முதல் வரியிலிருந்தே படிக்கிறார்கள். அதனால் ஏற்கெனவே வலுவான தலைப்பகுதிதான் இன்னும் வலுக்கிறது. ஒருநாள் நான்காவதிலிருந்து தொடங்கட்டும்.

ஒரே இலக்கம் எண்ணுக்குள் இடைவெளி விட்டு இரண்டு முறை வந்தால், இரண்டாவது எளிதில் விடுபடும். அதை அழுத்திச் சொல்லுங்கள். இரண்டு எண்களை அடுத்தடுத்துக் கேட்டால், முதல் எண்ணின் ஐந்தாம் இலக்கம் இரண்டாவதின் ஐந்தாம் இடத்தில் வந்து குந்திவிடலாம். முதலாவதை எழுதி, சொன்னவருக்கே வாசித்துக் காட்டிவிட்டு, சற்றுப் பொறுத்து மற்றதைக் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.