ஓக் மரத்துல கட்டலாமா? உத்திரத்துக்குப் பின்னாடி இருக்குற காடு

வணக்கம் மக்களே! 2019 ஏப்ரல் 15, பாரிஸ் நோத்ர டாம் பேராலயத்தோட கூரை எரிஞ்சத நிறைய பேர் லைவ்ல பாத்திருப்பீங்க. எரிஞ்சது இடைக்காலத்து ஓக் மரச்சட்டம். திரும்பக் கட்டுறப்போ ஸ்டீல், கான்கிரீட்னு பேச்சு அடிபட்டு கடைசில ஓக்தான்னு முடிவாச்சு, சுமார் 2000 மரம். இத்தனை பழைய மரத்த ஒரு கட்டடத்துக்காக சாய்க்கணுமான்னு எதிர்ப்பும் வந்துச்சு, நியாயமான கேள்விதான். நான் சொல்றது, வெட்டலாம், ஆனா எந்தக் காட்டுல எப்படி வளத்த மரம்ங்கறதத் தெரிஞ்சுக்கிட்டு வெட்டணும்.

[திரையில்: ஓக் அடிமரத்தோட குறுக்கு வெட்டு]

முதல்ல மரத்தப் பாப்போம். வெளிப்பக்கம் வெளுத்து இருக்குற பாகம் சீக்கிரம் உளுத்துப்போகும். உள்ள வைரம் பாஞ்ச கட்டைதான் சரக்கு, அதுல டானின்ங்கற துவர்ப்புச் சத்து நிறைய, பூஞ்சையும் பூச்சியும் லேசுல நெருங்காது. ஐரோப்பால கட்டடத்துக்குப் போடுற ஓக், வெள்ளை ஓக் வகை. வைரம் பாயும்போது அதோட தண்ணிக் குழாய்ங்க உள்ளயே அடைச்சுக்கும், வைன் பீப்பாய் ஒழுகாம இருக்குறதுக்கு அதுதான் காரணம். சிவப்பு ஓக்ல அந்த அடைப்பு சரியா நடக்காது, மழைல நிக்குற வேலைக்கு அதப் போடாதீங்க. இதே டானின் சாதா இரும்பு ஆணிய அரிச்சு, சுத்தி கருநீலமா கறையும் விட்டுரும், உலோகம் போட்டே ஆகணும்னா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்க.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். அந்தக் காலத்து தச்சருங்க உத்திரத்துக்கு ஓக்கக் காயவச்சுட்டு உக்காரல. ஒரு இன்ச் கனம் காய சுமாரா ஒரு வருஷம்னு கணக்கு, அப்போ ஒரு அடி கனமான உத்திரத்துக்கு எவ்ளோ ஆகும்னு யோசிங்க, அப்படியே காஞ்சாலும் உளி இறங்காது. அதனால பச்சையாவே செதுக்கி ஒரு கட்டைல துளை, இன்னொன்னுல அதுக்குள்ள போற மாதிரி கழுந்து (நீட்டிக்கிட்டு இருக்குற முனை), ரெண்டையும் மாட்டி ஓக் ஆப்பு அடிச்சாங்க. ஆப்புக்குப் போடுற ஓட்டை ரெண்டு கட்டைலயும் நேருக்கு நேர் வராது, வேணும்னே கொஞ்சம் தள்ளித்தான் போடுவாங்க, ஆப்பு உள்ள இறங்க இறங்க ஜாயின்ட்ட இழுத்து இறுக்கும். அப்புறம் வருஷக்கணக்கா மரம் சுருங்கும், முறுக்கும், நீளவாக்குல வெடிப்பு விடும். அந்த வெடிப்பப் பாத்து பயப்படாதீங்க, பெரும்பாலும் பலத்துக்கு ஒன்னும் ஆகாது.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் கூரைய 1390-கள்ல ஹியூ ஹெர்லண்ட்ங்கற தச்சர் அமைச்சார், நடுவுல ஒரு தூண் கூட கிடையாது, அகலம் 20 மீட்டருக்கு மேல. இடைப்பட்ட காலத்துல வண்டு அரிச்சதால 20-ம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஸ்டீல் தாங்கல் கொடுத்தாங்கதான், ஆனாலும் 600 வருஷம் தாண்டி நிக்குது!

[திரையில்: வயசான ஓக்குங்க நிக்குற காடு]

சரி, இவ்ளோ கட்டியும் காடு ஏன் அழியல? இங்கிலாந்துல ஆலிவர் ராக்கம்ங்கற காட்டு வரலாற்று ஆய்வாளர் பழைய மரவீடுகள அலசிக் காட்டுனது என்னன்னா, சாதாரண வீட்டுக்குப் போனது பெரும்பாலும் சின்ன ஓக்குங்கதான், ஒரு மரத்துக்கு ஒரு கட்டைங்கற மாதிரி சதுரமா செதுக்கிப் போட்டிருக்காங்க. சுத்தி இருக்குற மத்த மரத்த அடியோட வெட்டித் துளிர்க்க விட்டு விறகுக்கு எடுத்தாங்க, நடுநடுவுல ஓக்க நிமிர்ந்து வளர விட்டாங்க. காடு பலன் குடுத்துட்டே இருந்ததால யாரும் அத உழுது வயலாக்கல.

பிரான்ஸ்ல 1669-ல பதினாலாம் லூயி மன்னரோட அமைச்சர் கோல்பேர் காட்டுச் சட்டம் கொண்டுவந்தாரு, கப்பற்படைக்கு மரம் வேணும்னு. அந்த வழில வந்த த்ரோன்சே மாதிரி காடுங்கள்ல இன்னைக்கும் ஓக்க 150 வருஷத்துக்கு மேல வளக்குறாங்க. மொத்தமா மொட்டையடிக்குறது கிடையாது, நல்ல தாய் மரங்கள நிக்க விட்டு, கொட்டை விழுந்து கன்னு முளைச்சு எழுந்தப்புறம்தான் அதுங்கள ஒவ்வொன்னா எடுப்பாங்க. நோத்ர டாமுக்கு மரம் வந்தது இந்த மாதிரி பராமரிச்ச அரசுக் காடுங்கள்ல இருந்தும் தனியார் காடுங்கள்ல இருந்தும்தான், 2024 டிசம்பர்ல கோயில் திறந்தாச்சு.

எல்லா ஓக்கும் இப்படி வர்றதில்ல. ரஷ்யாவோட கிழக்குக் கோடில மங்கோலிய ஓக்கத் திருட்டுத்தனமா வெட்டி வித்தது பெரிய பிரச்சனையாகி, 2014-ல அத சைட்டீஸ்ங்கற, அழியக்கூடிய உயிரினங்களோட வணிகத்தக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தத்தோட மூணாம் பட்டியல்ல சேத்தாங்க. அங்க புலிங்க திங்குற காட்டுப்பன்னிக்கும் மானுக்கும் அந்த ஓக் கொட்டைதான் சாப்பாடு. மலிவா ஓக் ஃப்ளோரிங் கிடைக்குதுன்னா எந்த நாட்டு மரம்னு கண்டிப்பா கேளுங்க.

பொறுப்பா பராமரிச்ச காட்டு மரம்னு சான்று குடுக்குற எஃப்எஸ்சி, பிஇஎஃப்சி முத்திரை வெறும் ஸ்டிக்கரா இருந்தா பத்தாது, பில்லுலயே அந்த சர்டிஃபிகேட் நம்பர் இருக்கணும், அத வச்சு அவங்க வெப்சைட்லயே தேடிப் பாக்கலாம். இங்கிலாந்து ஓக்னா அங்க காட்டப் பாத்துக்குற அரசுத் துறையான ஃபாரஸ்ட்ரி கமிஷனோட வெட்டு அனுமதி இருக்கான்னு கேளுங்க, அனுமதில பொதுவா திரும்ப மரம் வளக்கணும்னு நிபந்தனையும் இருக்கும். இன்னொன்னு, டிசைன் பண்ணும்போதே நீளமான நேர் கட்டைய உத்திரத்துக்கு மட்டும் கேளுங்க, சாய்வுத் தாங்கலுக்கெல்லாம் வளைஞ்ச கட்டையே போதும், இயற்கையா வளைஞ்ச மரத்துல இழை அறுபடாம ஓடுறதால அந்த இடத்துக்கு அதுதான் பலமும் கூட.