பாய்மரக் கப்பல் ஏறித்தான் லண்டன் போனோம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். இன்றைய மலேசியாவின் தீபகற்பப் பகுதியான மலாயாவுக்கு விடுதலை வாங்கித் தந்தது லண்டன் பேச்சுவார்த்தை மேசையா, 1955ஆம் ஆண்டு வாக்குப்பெட்டியா என்பது இன்றைய வழக்கு. நான் வாக்குப்பெட்டியின் பக்கம் நிற்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர், 98 பேர் கொண்ட சட்டமன்றத்துக்கு மக்கள் அனுப்பியது 52 பேரை மட்டுமே, மற்றவர்கள் நியமனத்தாலும் பதவி வழியாகவும் வந்தவர்கள், கடைசிச் சொல் பிரிட்டிஷ் உயர் ஆணையருடையது, ஆகவே அந்தத் தேர்தல் வெறும் ஒத்திகை என்று முடித்தார். கணக்கு சரி, முடிவுதான் தவறு.

1954ஆம் ஆண்டை அவர் ஏனோ தொடவே இல்லை. அந்த ஆண்டில் மலாய்க்காரர் கட்சியான அம்னோவின் தலைவர் துங்கு அப்துல் ரகுமான் லண்டனுக்குப் போய், சட்டமன்றத்தில் ஐந்தில் மூன்று பங்கினரையாவது மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று குடியேற்ற நாடுகளின் அமைச்சர் லிட்டல்டனிடம் கேட்டார்; அமைச்சர் மறுத்தார். விடுதலையைக்கூட அல்ல, கூடுதலாகச் சில இடங்களைக் கேட்டதற்கே அந்த மறுப்பு. அதே துங்கு 1956 ஜனவரியில் அதே லண்டனுக்குப் போனார். பிப்ரவரியில், 1957 ஆகஸ்டுக்குள் விடுதலை என்ற உடன்பாட்டோடு திரும்பினார். அம்னோவும் சீனர், இந்தியர் கட்சிகளும் சேர்ந்த அவரது கூட்டணியின் தேர்தல் அறிக்கையே நான்கு ஆண்டுகள்தான் கேட்டிருந்தது! மேசைக்குத்தான் ஆற்றல் என்றால், முதல் பயணத்தில் அந்த ஆற்றல் எங்கே போயிருந்தது?

இரண்டு பயணங்களுக்கும் நடுவில் இருப்பது 1955 ஜூலை 27. அன்று பாய்மரக் கப்பல் சின்னத்தில் நின்ற கூட்டணி, 52 இடங்களில் 51ஐ வென்றது. பேராக்கின் கிரியான் தொகுதி மட்டும் இஸ்லாமியக் கட்சியான பாஸுக்குப் போனது. அம்னோவைத் தொடங்கி, பின்னர் அதைவிட்டு விலகிய டத்தோ ஓன் ஜாஃபாரே ஜொகூர் பாருவில் தோற்றார்.

"தோட்டத்துத் தமிழனுக்கு அன்று வாக்கு ஏது?" என்றும் கேட்டார்கள். நியாயமான கேள்வி, அதை நான் மழுப்பப் போவதில்லை. குடியுரிமை விதிகளால் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களில் பெரும்பாலோர் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். வாக்காளர்களில் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். ஆனால் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டே கூட்டணி 15 சீனர்களையும் 2 இந்தியர்களையும் நிறுத்தியது. பதினேழு பேரும் வென்றார்கள். அவர்களில் ஒருவர் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன். பல இனம் வாழும் நாடு சேர்ந்து ஆளுமா என்று ஐயம் கிளப்பியவர்களுக்கு, மலாய் வாக்காளர் இட்ட முத்திரையை விடப் பெரிய சான்று எந்த மேசையில் கிடைத்திருக்கும்?

அதே ஆண்டு டிசம்பரில், ஆயுதம் ஏந்திப் போராடிய மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் சின் பெங் காட்டிலிருந்து இறங்கி, கெடாவின் பாலிங்கில் பேச வந்தபோதும், எதிரே அமர்ந்திருந்தவர் மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சர் துங்குதான். உயர் ஆணையர் அல்ல.

இன்னும் ஒன்று, நடுவர் அவர்களே. லண்டனில் கையெழுத்திட்டுத் திரும்பிய துங்கு, 1956 பிப்ரவரி 20 அன்று மலாக்காவின் பண்டா ஹிலிர் திடலில் கூடியிருந்த மக்கள் முன் நின்று விடுதலைச் செய்தியை அறிவித்தார். யாரிடம் வாங்கிய ஆணையோடு போனாரோ, அவர்களிடமே வந்து கணக்கை ஒப்படைத்தார்.