பத்து மணிக்குப் பையன் எங்கே போவான்?

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் வடசென்னையில் எங்கள் வார்டில் பகுதி சபா, அதாவது அந்தந்தப் பகுதி மக்கள் கூடித் தங்கள் குறைகளைப் பேசுகிற கூட்டம், கூடியது. தண்டையார்பேட்டைக்கும் கொருக்குப்பேட்டைக்கும் நடுவே ஒரு சமுதாய நலக்கூடம். நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள், முப்பது நிறைந்தது. எங்கள் பக்கத்தில் அதுவே நல்ல கூட்டம்தான். முதலில் எப்போதும் பேசுகிறவை பேசப்பட்டன: அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாய், இரண்டு நாளாக வராத குப்பை வண்டி, தெருநாய். பிறகு ஒரு பெரியவர் எழுந்தார். கையில் எழுதிய தாள் இருந்தது. இரவு பத்து மணிக்கு மேல் பதினெட்டு வயது நிரம்பாத பையன்கள் யாரும் தெருவில் நிற்கக் கூடாது, இதைத் தீர்மானமாக எழுதிக் கவுன்சிலரிடம் கொடுப்போம், அவர் மாநகராட்சி மாமன்றத்தில் பேசட்டும் என்றார். கூடம் முழுவதும் கைதட்டியது.

கைதட்டியவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. அவர்களில் ஒருவருடைய செல்போனை ஆர்.கே. நகர் பக்கம் பைக்கில் வந்த இரண்டு பேர் பறித்துக்கொண்டு போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை. பாலத்தின் அடியில் கஞ்சா கைமாறுவது தெருவுக்கே தெரியும். எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே பைக் பந்தயம் விடுகிறார்கள். பெற்றவர்கள் பயப்படத்தான் செய்வார்கள். அந்தப் பயத்தை யாராவது அலட்சியமாகப் பேசினால் எனக்கே கோபம் வரும்.

கைதட்டல் அடங்கியபோது பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். மீன் விற்கிறவர். அவர் கேட்டது இவ்வளவுதான்: "விடியற்காலை மூன்று மணிக்கு நான் காசிமேட்டுக்கு ஏலம் எடுக்கப் போகிறேன். என் பையன்தான் கூடையைப் பிடித்துக்கொண்டு துணைக்கு வருகிறான். என்னை விட்டுவிட்டு அவன் தனியாகத் திரும்பி வருவான். வழியில் அவனை நிறுத்தினால் யார் வந்து சொல்வது?" அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. தாள் வைத்திருந்த பெரியவர் நல்லவர். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று குறிப்பேட்டில் எழுதினார்கள்.

31 ஆண்டுகள் மாநகராட்சிப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். என் கையில் விசில் இருந்த காலம் முழுக்க இந்த வயதுப் பையன்களோடுதான் இருந்தேன். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குள் ஒரே கேள்விதான் ஓடியது. பத்து மணிக்குத் தெருவை விட்டுப் போ என்கிறோம். சரி. பத்து மணிக்குப் பையன் எங்கே போவான்?

வீட்டுக்குப் போகட்டும் என்பீர்கள். வடசென்னையில் வீடு என்றால் என்ன என்பதை இந்தப் பக்கத்து நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது. அப்பா பின்னி மில்லில் தறி ஓட்டினார். புளியந்தோப்பில் பத்துக்குப் பத்து அறையில் நாங்கள் ஏழு பேர். பாட்டி பாயை விரித்தால் பாதி அறை போய்விடும். அக்காக்கள் இருவர். வயது வந்த பையன் சாப்பிட்டுக் கை கழுவியதும் வெளியே வந்துவிட வேண்டும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவனுக்கே தெரியும். எல்லோரும் படுத்த பிறகு வாசலில் கால் நீட்ட இடம் கிடைத்தால் அங்கே படுப்பான், இல்லையென்றால் நடைபாதை. எங்கள் தெருவில் எல்லாப் பையன்களும் அப்படித்தான் வளர்ந்தோம்.

அப்படி வெளியே வந்தவர்களுக்கு ஒரு விளக்குக் கம்பம் இருந்தது. தெரு முனையில் மாநகராட்சி போட்ட கம்பம். அதன் கீழே தார் டிரம் ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் கேரம் பலகையை வைப்போம். போரிக் பவுடர் வாங்கக் காசில்லாத நாளில், யாராவது ஒருவன் வீட்டிலிருந்து முகப்பவுடரைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வருவான். பலகையே மணக்கும். விளக்கைச் சுற்றுகிற பூச்சிகள் பலகையில் விழும். ஸ்ட்ரைக்கர் போகிற வழியில் பூச்சி கிடந்தால் வாயால் ஊதித்தான் தள்ள வேண்டும், கை வைக்கக் கூடாது. கை வைத்தால் காய் நகர்ந்தது, நகரவில்லை என்று சண்டை வரும். டிரம் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அந்தப் பக்கம் உட்காருகிறவனுக்குக் காய் தானாக ஓடி வரும் என்பதால், அங்கே உட்காரவும் முறை வைத்திருந்தோம்.

பத்தரை மணிக்கு ஏட்டய்யா சைக்கிளில் ரோந்து வருவார். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, தொப்பியைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு, "தள்ளிக்கோடா" என்று உட்காருவார். ஒரே ஓர் ஆட்டம். சிகப்பை அழகாகக் குழியில் இறக்குவார், சிகப்பைத் தொடர்ந்து போட வேண்டிய காயை, அதாவது ஃபாலோவை, அடுத்த அடியில் விட்டுவிடுவார். அதில் அவருக்குத் தீராத ஆற்றாமை. ஆடிக்கொண்டே விசாரிப்பார். "மூன்றாம் வீட்டுப் பையனை இரண்டு நாளாகக் காணோமே, எங்கே?" ஊருக்குப் போயிருக்கிறான் என்போம். "நேற்று இருமிக்கொண்டிருந்தாயே, ஆஸ்பத்திரிக்குப் போனாயா?" என்று இன்னொருவனைக் கேட்பார். பதினொன்றானால் பலகையை அவரே தூக்கிச் சுவரில் சாய்த்து வைப்பார். அதற்குமேல் ஒருவரும் பேசமாட்டோம்.

ஒருநாள் இரவு அவர் சைக்கிள் கேரியரில் ஒரு பையனை உட்காரவைத்துக்கொண்டு வந்தார். எங்கள் தெருப் பையன் இல்லை. பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டு பக்கம் இரும்புத் துண்டு பொறுக்குகிற கூட்டத்தோடு நின்றிருந்தானாம். உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. அவனைப் பலகையின் எதிரே உட்காரவைத்தார். "இவனையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார், அவ்வளவுதான். அவனுக்குக் கேரம் ஆடவே தெரியாது. ஸ்ட்ரைக்கரைக் கோலிக்குண்டு மாதிரி கட்டைவிரலால் தள்ளினான். ஆறு மாதத்தில் எங்களையெல்லாம் தோற்கடித்தான். பிற்காலத்தில் ரயில்வேயிலேயே வேலைக்குச் சேர்ந்து, ஓய்வும் பெற்றுவிட்டான். இன்றும் பொங்கலுக்கு என்னைப் பார்க்க வருவான்.

கேரம் என்றால் நான் நிறுத்தாமல் பேசுவேன், நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அது எங்கள் பக்கத்து விளையாட்டு. வியாசர்பாடியிலிருந்து போய் 2008-இல் உலகப் பட்டம் வென்றார் இளவழகி. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார் புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமா. ஆட்டோ ஓட்டுநரின் மகள். பெரிய மைதானமோ பச்சைப் புல்லோ இதற்கு வேண்டாம். ஒரு பலகை, ஒரு விளக்கு, உட்கார நான்கு அடி இடம் இருந்தால் போதும். அதைத்தான் நான் கேட்கிறேன்.

இப்போது அந்தத் தீர்மானத்துக்கு வருகிறேன். ஊரடங்கு போடும் அதிகாரம் சென்னை மாநகராட்சிக்கு இல்லை. காவல்துறை மாநில அரசின் கையில் இருக்கிறது. 200 வார்டு உறுப்பினர்கள் ரிப்பன் மாளிகையில் கூடி ஒருமனதாகக் கை தூக்கினாலும், அது ஒரு வேண்டுகோளாகத்தான் போய்ச் சேரும். சரி, போலீஸார் ஒரு பையனைப் பிடிக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவனை எங்கே வைப்பார்கள்? குற்றம் செய்ததாகச் சொல்லப்படுகிற சிறுவனைக்கூட லாக்கப்பில் வைக்கக் கூடாது என்கிறது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். தெருவில் நின்றவனை என்ன செய்வது? மறுபடியும் அதே கேள்விதான். பத்து மணிக்குப் பையன் எங்கே போவான்?

ஊரடங்கு என்ற சொல் கொரோனா காலத்தில் நமக்கு நன்றாகப் பழகிவிட்டது. 2021 ஏப்ரலில் இரவு பத்து முதல் காலை நான்கு வரை, 2022 ஜனவரியில் பத்து முதல் ஐந்து வரை இரவு ஊரடங்கு இருந்தது. அது நோய்க்காக, எல்லோருக்கும் பொதுவாக வந்தது. வயதைப் பார்த்துப் பையன்களுக்கு மட்டும் போடுவது வேறு சங்கதி. அமெரிக்காவில் அது பழைய வழக்கம். ஒமாஹா நகரம் 1880-லேயே அப்படி ஒரு சட்டம் போட்டது. அங்கே பல சிறு நகரங்களுக்குச் சொந்தமாகவே போலீஸ் உண்டு, அதனால் நகர மன்றமே இதை முடிவு செய்ய முடிகிறது. என்னிடம் படித்த ஒருவர் அப்படி ஒரு சிறு நகரில் குடியிருக்கிறார். அவர் ஊர் மன்றத்திலும் இந்தப் பேச்சு வந்ததாம். அன்றைய நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே வெளியிட்டுவிடுகிறார்கள். சாலையில் பனி அள்ளுவது, தண்ணீர் வரி, ஒரு கடையின் உரிமம் எல்லாம் முடிந்த பிறகு பையன்களின் ஊரடங்கு. ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் மைக் முன்னால் போய் மூன்று நிமிடம் பேசலாம். முதல் வாசிப்பு ஒரு கூட்டத்தில், இரண்டாம் வாசிப்பு இன்னொரு கூட்டத்தில். இடையில் ஊர் முழுக்க அதைப் பற்றியே பேச்சு. அந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நமக்கு 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை, ஐந்து ஆண்டுக்கும் மேலாக, மாமன்றமே இல்லை, தனி அதிகாரிதான். பகுதி சபா முதன்முதலில் கூடியது 2022 நவம்பர் 1-ஆம் தேதி. கிடைத்ததே நேற்றுத்தான். அதில் உட்கார்ந்து நாம் போடுகிற முதல் பெரிய தீர்மானம் பிள்ளைகளைத் துரத்துவதாக இருக்க வேண்டாம் என்பது என் ஆசை.

சரி, அந்த ஊரடங்கால் பலன் கிடைத்ததா? இது பற்றிய 12 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2016-இல் ஓர் அறிக்கை வந்தது. குற்றம் குறைந்ததாக அதில் தெரியவில்லை. 2023-இல் டெக்சஸ் மாநிலம், இனி எந்த நகரமும் இப்படிச் சட்டம் போடக் கூடாது என்றே தடுத்துவிட்டது. ஐஸ்லாந்தைப் பார் என்பார்கள். அங்கே பிள்ளைகளுக்கு இரவு நேரக் கட்டுப்பாடு உண்டு. 15, 16 வயதுப் பிள்ளைகளில், முந்தைய மாதத்தில் குடித்துப் போதையேறியவர்கள் 1998-இல் நூற்றுக்கு 42 பேர், 2016-இல் 5 பேர். பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாடு கதவை மட்டும் சாத்தவில்லை. விளையாட்டுக்கும் இசைக்கும் இடம் கட்டிப் பயிற்சியாளர் வைத்தது. பிள்ளைகள் அவற்றில் சேரத் தலைநகரின் மாநகராட்சி குடும்பத்துக்குப் பணமே கொடுத்தது. அந்தப் பாதியை விட்டுவிட்டு இந்தப் பாதியை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

மாலையில் மக்களை வெளியே வரவழைக்கிற வேலையை நம் மாநகராட்சியும் ஒரு காலத்தில் செய்தது. இந்த வானொலியே சாட்சி. அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது 1938-இல். அதற்கு எட்டு ஆண்டு முன்பே, 1930 ஏப்ரலிலிருந்து, ரிப்பன் மாளிகையிலிருந்து மாநகராட்சியே வானொலி நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டி, மாலையில் பாட்டுக் கேட்கவைத்தது. வீட்டில் வானொலிப் பெட்டி இல்லாத ஜனங்கள் மணலில் உட்கார்ந்து கேட்டார்கள். நான் கேட்பதும் அந்த வகை வேலைதான்.

நிலையத்தார் கையால் சைகை காட்டுகிறார், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. விரிவாகச் சொல்ல வைத்திருந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மாநகராட்சிப் பள்ளி மைதானங்கள் மாலையில் பூட்டிக் கிடக்கின்றன. காவலாளி ஒருவரையும் விளக்கையும் வைத்து இரவு ஒன்பதரை வரை திறந்து வைக்கலாம். கொளத்தூரில் 2024 நவம்பரில் ‘முதல்வர் படைப்பகம்’ என்ற படிப்புக்கூடத்தைத் திறந்தார்கள். படிக்க இடமில்லாத பிள்ளைகள் அங்கே போய் உட்காருகிறார்கள். அப்படி ஓர் இடம் கொருக்குப்பேட்டைப் பக்கமும் வேண்டும். காவல் சிறுவர் சிறுமியர் மன்றங்களில் கேரம் பலகை இருக்கிறது, ஆனால் அதை நடத்த மாலையில் ஆள் வேண்டும். என்னைப் போல ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் இருக்கிறோம், கூப்பிட்டால் வருவோம். பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன். அவர்களுக்குப் பத்து மணி அல்ல, ஆறு மணிக்கே ஊரடங்கு போட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. அதற்கு இன்னொரு நாள் எனக்கு நேரம் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் தெரு முனையில் உள்ள விளக்கு மூன்று வாரமாக எரியவில்லை. கூட்டம் முடிந்த மறுநாள் அந்தப் பெரியவரும் நானும் போய்க் கம்பத்தில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்து, 1913-க்குப் போன் செய்து பதிவு செய்தோம். எண்ணை வாசித்துச் சொன்னவர் அவர்தான், எனக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. அங்கே பைக்கின்மேல் உட்கார்ந்திருந்த பையன்களிடம், அடுத்த பகுதி சபாவுக்கு நீங்களும் வர வேண்டும், உங்களைப் பற்றித்தான் பேசப்போகிறோம் என்று சொன்னேன். நான்கு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவன் மட்டும், "எத்தனை மணிக்கு மாஸ்டர்?" என்று கேட்டான்.

வணக்கம்.