8 சென்டிமீட்டர் கதையை மட்டும் சொல்லாதீங்கப்பா!

வாங்க வாங்க, எல்லாரும் எப்படி இருக்கீங்க? முதல்லயே சொல்லிடறேன், இன்னிக்கு ஃப்ரேம் லேசா சாஞ்சிருக்கும். ட்ரைபாட்ல ஒரு கால் உடைஞ்சிருச்சு, பையை முட்டுக் கொடுத்து நிக்க வெச்சிருக்கேன். ஒரு கால் போன ட்ரைபாட்ட வெச்சுக்கிட்டு இன்னிக்கு யாரைப் பத்திப் பேசப்போறேன் தெரியுமா? ஸ்பெயின் கால்பந்து வீரர் சான்ட்டி கசோர்லா. ரெண்டு காலும் வலது காலா இருக்கிற மனுஷன்.

ஏன் திடீர்னு அவருன்னா, கடுப்பு. நேத்து ராத்திரி ஒரு குட்டி வீடியோ கண்ணுல பட்டுச்சு, 40 செகண்டு கூட இருக்காது. காயத்தால வீணாப்போன வீரர்கள்னு ஒரு வரிசை. அதுல நாலாவதா கசோர்லா! ஒரு கணுக்கால் போட்டோ, சோக மியூசிக், குதிகால் தசைநாண் 8 சென்டிமீட்டர் காணாமப் போச்சுன்னு ஒரு வரி, அவ்ளோதான், அடுத்த ஆளு. வீணாப்போனாராம். யோவ், அதுக்கப்புறம் அந்த ஆளு என்னவெல்லாம் பண்ணாருன்னு ஒரு தடவையாச்சும் தேடிப் பாத்தியா? படுத்தா தூக்கம் வரல எனக்கு.

ஆங், பேரு. ஸ்பெயின்காரங்க 'கதோர்லா'ன்னுதான் சொல்லுவாங்க, நாக்கைப் பல்லுக்கு நடுவுல வெச்சு. போன தடவை அப்படிச் சொன்னதுக்கு, வாயில வெத்தலையான்னு கேட்டு ஒருத்தர் கமெண்ட் போட்டிருந்தாரு. அதனால கசோர்லாவே இருக்கட்டும். விடுங்க.

அதைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. இடது கால் சவால் 41ஆவது நாள்! ஆரம்பத்துல இருந்து பாக்கறவங்களுக்குத் தெரியும், வலது காலால எதையும் தொடக்கூடாது, கார்னர் உட்படன்னு சபதம் எடுத்தேன். முதல் வாரம் பந்து போன தூரத்தைவிட என் செருப்பு போன தூரம் அதிகம். ஆமா, மொத நாள் செருப்போட அடிச்சேன், திட்டாதீங்க, அப்பவே திட்டிட்டீங்க. ரெண்டாவது வாரம் கொடிக்கம்பத்துலயே மூணு தடவை அடிச்சேன். ஒரு தடவை என் வலது முட்டியிலயே பட்டுச்சு. நின்ன இடத்துல தன் முட்டியிலயே பந்தை அடிச்சுக்கிட்ட ஆளு உலகத்துல நானாத்தான் இருப்பேன்.

நேத்து சாயங்காலம் வலது பக்கக் கார்னர்ல பந்தை வெச்சேன். எங்க தப்பு பண்றேன்னு அப்பதான் உறைச்சுது. அடிக்கிற காலையே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன், ஊன்றுற காலைக் கண்டுக்கவே இல்ல. வலது கால் பந்துக்குப் பின்னாடி தங்கிடுது, உடம்பு மல்லாக்கச் சாயுது, பந்து தேமேன்னு மேல போகுது. ஊன்றுற காலைப் பந்துக்குப் பக்கத்துல, ஒரு சாண் தள்ளி வெச்சு, விரலை கோல் பக்கம் திருப்பி, பாதத்தோட உள்பக்கத்தால லேசா சீவி விட்டேன் பாருங்க... வளைஞ்சு போய் கிட்ட இருக்கிற போஸ்ட் ஓரமா இறங்குச்சு. இறங்குச்சுங்க! அங்க தலையால முட்ட ஆள் யாரும் இல்லன்றது வேற விஷயம். 41 நாள்ல ஒண்ணு. அதைப் பத்து தடவை ஓட்டிப் பாத்தேன். வீடியோ கடைசியில ஸ்லோ மோஷன்ல வரும், ஸ்கிப் பண்ணாம பாருங்க.

இப்ப யோசிங்க. எனக்கு 41 நாள்ல ஒரு தடவை வந்தது கசோர்லாவுக்கு கொட்டாவி விடற மாதிரி. இந்தப் பக்கக் கார்னர் வலது காலால, அந்தப் பக்கக் கார்னர் இடது காலால. ரெண்டுமே கோலைப் பாத்து உள்ள வளையும். ஒரே பக்கத்துல நின்னுக்கிட்டே காலை மாத்துனாருன்னா பந்து வெளிய வளைஞ்சு போகும். அவரு ஓடி வர்ற வரைக்கும் கோல்கீப்பருக்கு ஒண்ணும் புரியாது.

கார்னர்லயாச்சும் பந்து சும்மா நிக்குது. ஓடற பந்துல இதுக்கு இருக்கிற மதிப்பே தனி. நம்பர் 10 இடத்துல, அதாவது ஸ்ட்ரைக்கருக்குப் பின்னாடி நின்னு ஆட்டத்தை நடத்தற இடத்துல, ஆடறவங்களை எதிரணி எப்படி மடக்கும்? பலமான காலை மூடிட்டு, வராத காலுக்குத் தள்ளும். இவருக்கு வராத காலே கிடையாதே, எங்க தள்ளுவ? இடது பக்கம் மறிச்சா வலது பக்கம் திரும்புவாரு, வலது பக்கம் மறிச்சா இடது பக்கம். அதுவும் 1.68 மீட்டர் உசரம். பெரிய டிஃபெண்டர் குனிஞ்சு தேடறதுக்குள்ள ஆளு கை இடுக்குல நழுவிப் போயிருப்பாரு. சிரிச்சுக்கிட்டே வேற போவாரு. அந்தச் சிரிப்பைப் பாத்தா எதிரணிக்காரனுக்கு எப்படி எரியும்!

சரி, வரிசையாப் போவோம். ஸ்பெயின்ல அஸ்தூரியாஸ், அங்க லியானேரான்னு ஒரு ஊரு, 1984ல பொறந்தாரு. பக்கத்துல இருக்கிற ரியல் ஒவியேதோ கிளப்ல சின்னப் பையனா சேந்தாரு. மெயின் டீம்ல ஒரு மேட்ச் ஆடறதுக்குள்ள கிளப் கடன்ல மூழ்கிருச்சு. 2003ல சம்பள பாக்கி வரைக்கும் போய் கீழ் டிவிஷனுக்கு இறக்கிட்டாங்க. பையன் வியாரியல்னு இன்னொரு ஸ்பெயின் கிளப்புக்குப் போயிட்டாரு. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, திரும்ப வருவேன்.

வியாரியல், அப்புறம் மலாகா... இருங்க இருங்க, நடுவுல ரெக்ரியாத்திவோ கிளப்பை விட்டுட்டேன். 2006-07 ஒரே ஒரு சீசன் அங்க. அந்தச் சின்ன டீம் ரியல் மாட்ரிட்டோட சொந்த மைதானமான பெர்னபேவுக்கே போய் அவங்களை 3-0ன்னு அடிச்சிட்டு வந்தது அந்த சீசன்லதான். அது முடிஞ்சதும் வியாரியல் ஆளைத் திரும்ப வாங்கிருச்சு. 2008 யூரோ, அதாவது ஐரோப்பிய நாடுகளோட கோப்பை, இத்தாலி கூட காலிறுதி பெனால்டி ஷூட் அவுட்ல ரெண்டாவதா வந்து போட்டாரு, கோப்பையும் ஜெயிச்சாங்க. 2012 யூரோவும் கையில. நடுவுல 2010 உலகக் கோப்பை மட்டும் முதுகுக் காயத்தால போச்சு. என்னைக் கேட்டா பரிதாபப்படறதுன்னா அதுக்குப் படுங்க, கணுக்காலுக்கு இல்ல.

மலாகா ஒரு வருஷம்தான். பெயெக்ரினி கோச், லீக்ல நாலாவது இடம், கிளப் வரலாற்றுலயே முதல் தடவை சாம்பியன்ஸ் லீக். அங்கயும் பணமுடை, வித்துட்டாங்க. ஒவியேதோவை விட்டாரு, காரணம் பணமுடை. மலாகாவை விட்டாரு, அதுவும் பணமுடை. மத்தவங்க கணக்குப் புஸ்தகம் எழுதின தப்புக்கு இவரு பெட்டி தூக்கினாரு. 2012ல இங்கிலாந்துல அர்செனல், சட்டை நம்பர் 19. டிசம்பர்ல ரெடிங் கூட ஹாட்ரிக்.

2014 எஃப்.ஏ. கோப்பை ஃபைனல். அர்செனல் ஒரு கோப்பை தூக்கி 9 வருஷம் ஆச்சு. எதிர்ல ஹல் சிட்டி. 8 நிமிஷத்துல 0-2! டீ வாங்க எழுந்து போனவன் திரும்பி வர்றதுக்குள்ள ரெண்டு கோல். 17ஆவது நிமிஷம் ஃப்ரீ கிக், கசோர்லா வலது காலால சுவருக்கு மேல தூக்கி மூலையில சொருகினாரு. அந்த ஒரு அடிதான் டீமுக்கு உயிர் கொடுத்துச்சு. கடைசியில எக்ஸ்ட்ரா டைம்ல ராம்சி போட்டு 3-2. போஸ்டர்ல ராம்சி, சரி, நியாயம்தான். ஆனா அந்த 17ஆவது நிமிஷத்தை மறந்தவனோட எனக்குப் பேச்சு இல்ல.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த ஃபைனல் கூட இல்ல. 2015 ஜனவரி, மான்செஸ்டர் சிட்டி மைதானம், 2-0. இவரை நம்பர் 10ல இருந்து பின்னாடி இழுத்து, டிஃபென்ஸுக்கு முன்னாடி நிக்கிற மிட்ஃபீல்டர் கோக்கெலின் பக்கத்துல நிறுத்திட்டாங்க. அட்டாக்கிங் மிட்ஃபீல்டரைத் தூக்கி டிஃபென்ஸ் முன்னாடி போட்டா வீணாகிடுவாருன்னுதான் நானும் நெனச்சேன். நடந்தது தலைகீழ். ரெண்டு பேரு நெருக்கிட்டு வரும்போது பந்தை வாங்கி, இந்தக் காலால ஒரு தொடல், அந்தக் காலால ஒரு தொடல், வெளிய. முதல் கோல் இவரு அடிச்ச பெனால்டி, ரெண்டாவது கோல் இவரு ஃப்ரீ கிக்ல இருந்து ஜிரூ தலையால முட்டினது. முன்னாடி ஆடறவனோட மூளையைப் பின்னாடி கொண்டு போய் வெச்சா ஆட்டமே அங்கேருந்து ஆரம்பிக்குது.

காயத்தைப் பத்தியும் சொல்லித்தான் ஆகணும். 2016 அக்டோபர், லுடோகொரெட்ஸ் கூட 6-0ன்னு ஜெயிச்ச மேட்ச், அர்செனல் சட்டையில அதுதான் கடைசி. வலது கணுக்கால்ல ஆபரேஷன், காயம் ஆறல, கிருமி, தசை அழுகல், எட்டு தடவைக்கு மேல கத்தி. தோட்டத்துல மகனோட நடந்தா அதுவே பெருசுன்னு டாக்டருங்க சொன்ன நிலைமை. விக்டோரியா இல்ல, விட்டோரியா, ஸ்பெயின்ல இருக்கிற ஊரு, அங்க மிக்கேல் சான்செஸ்னு ஒரு டாக்டர்தான் தசைநாணைத் திரும்ப உருவாக்கினாரு. இடது கையில மகள் பேரை, இந்தியான்னு, பச்சை குத்தியிருந்தாரு. அந்தத் தோலை எடுத்துத்தான் கணுக்கால்ல ஒட்டினாங்க. மகள் பேருல பாதி கையில, பாதி காலுல. சோக மியூசிக் போட்ட மகராசன் இதைக் கூடச் சொல்லல பாருங்க.

அதோட நின்னிருந்தா வீணாப்போனாருன்னு சொல்லு, கேட்டுக்கறேன். ஏறக்குறைய ரெண்டு வருஷம் ஒரு மேட்ச் ஆடாம, 2018ல 33 வயசுல மறுபடி வியாரியல். அறிமுக விழாவுல மேஜிக்காரரை வெச்சு, வெறும் கண்ணாடிக் குழாய்க்குள்ள புகை விட்டு, அதுல இருந்து ஆளை வரவெச்சாங்க. 2019 ஜனவரியில ரியல் மாட்ரிட் கூட 2-2, ரெண்டு கோலும் இவருது. ரெண்டாவது கோல் தலையால! 1.68 மீட்டர்! இரு காலும் பத்தலன்னு தலை. அதே வருஷம் ஸ்பெயின் தேசிய டீமுக்கும் திரும்பக் கூப்பிட்டாங்க.

கத்தார்ல அல் சத், சாவி கோச்சா இருந்த டீம். அதை நான் பெருசாப் பாக்கல, அதனால தாண்டிடறேன்.

2023, ஒவியேதோ. ஆரம்பத்துல ஞாபகம் வெச்சுக்கங்கன்னு சொன்னேன்ல. 38 வயசு, அப்ப டீம் ரெண்டாவது டிவிஷன்ல. விதிப்படி கொடுத்தே ஆகணும்ன்ற குறைஞ்சபட்ச சம்பளத்துக்கு கையெழுத்து. தன் பேரு போட்ட சட்டை வித்தா அதுல ஒரு பங்கு சின்னப் பசங்க பயிற்சிக்குப் போகணும்னு சொன்னாரு. அடடா, 2012ஐ விட்டுட்டேன்! அந்த வருஷம் கிளப் இழுத்து மூடற நிலைமைக்கு வந்துச்சு. உலகம் பூரா ரசிகர்கள் பங்கு வாங்கிக் காப்பாத்துனாங்க. அப்ப அர்செனல்ல இருந்த கசோர்லாவும் வாங்கினாரு, அந்த கிளப்ல வளந்த மாட்டாவும் மிச்சுவும் வாங்கினாங்க. அதாவது தான் பங்கு போட்டு மூடவிடாம வெச்ச கிளப்புக்கே பதினோரு வருஷம் கழிச்சு ஆட வந்திருக்காரு.

2024, முதல் டிவிஷனுக்கு ஏறறதுக்கான பிளே ஆஃப் ஃபைனல், எஸ்பான்யோல் கிட்ட தோல்வி. அன்னிக்கு நான் வீடியோ போடல, ஏன்னு கேட்டீங்க, இதான் காரணம். 2025ல மறுபடி. அரையிறுதியில அல்மேரியா கூட இவரு ஃப்ரீ கிக் கோல். ஃபைனல்ல மிரண்டேஸ் கிட்ட முதல் லெக் 0-1, சொந்த மைதானத்துல ரெண்டாவது லெக்லயும் முதல் கோல் அவங்களுக்கே. நான் லேப்டாப்ப மூடிட்டேன். திறந்தா பெனால்டி. 40 வயசு ஆளு பந்தை வைக்கறாரு. கோல். எக்ஸ்ட்ரா டைம் போய் 3-1. 24 வருஷம் கழிச்சு ஒவியேதோ முதல் டிவிஷனுக்கு ஏறுச்சு.

அங்க முதல் மேட்ச் யார் கூட வந்துச்சு தெரியுமா? வியாரியல் கூட, வியாரியல் ஊருலயே. 0-2 தோல்வி, அது கிடக்கட்டும்.

இப்ப உங்களுக்கு ஒரு வேலை. அல்மேரியா கூட அடிச்ச அந்த ஃப்ரீ கிக்கையும் மிரண்டேஸ் கூட அடிச்ச அந்தப் பெனால்டியையும் தேடிப் பாத்துட்டு, எது எந்தக் காலால அடிச்சாருன்னு கமெண்ட்ல போடுங்க. நான் சொல்லமாட்டேன். இதோ என் கார்னர் வருது, ஸ்லோ மோஷன்... ஐயோ, ட்ரைபாட் சாயுது, பிடி பிடி.