28 வயசுல கிடைச்ச முதல் வாய்ப்பு: கர்ட் வார்னரின் கதை

(திரையில்: அயோவா மாநில வரைபடம், சீடர் ஃபால்ஸ் ஊர்)

1994. அமெரிக்கன் ஃபுட்பாலோட பெரிய லீக் என்எஃப்எல். அதுல எந்த அணியும் டிராஃப்ட்ல, அதாவது கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கிற நிகழ்வுல, கர்ட் வார்னரை எடுக்கல. கிரீன் பே பேக்கர்ஸ் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டாங்க, சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே அனுப்பிட்டாங்க. ஊருக்குத் திரும்பி ஹை-வீ சூப்பர்மார்க்கெட்ல ராத்திரி ஷிஃப்ட். மணிக்கு 5.50 டாலருக்கு ரேக்ல சாமான் அடுக்கினார்.

இதுக்கப்புறம் நடந்ததை நிறைய பேர் அதிர்ஷ்டம்னு சொல்லி முடிச்சிடுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. ஏன்னு பார்ப்போம்.

(திரையில்: இரண்டு மைதானங்கள், அளவுகளோட)

வார்னர் ஒரு குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிஞ்சு அணியோட தாக்குதலை நடத்துறவர். பந்து கைக்கு வந்ததும் அவருக்குக் கிடைக்கிறது சுமார் மூணு செகண்ட். எதிரணி ஆளுங்க பாய்ஞ்சு வர்றதுக்குள்ள, யார் எங்க ஓடுறாங்கன்னு பார்த்து எறிஞ்சாகணும். என்எஃப்எல் மைதானம் 100 கெஜம், அணிக்கு 11 பேர். 1995-ல வார்னர் சேர்ந்தது உள்ளரங்க ஆட்டமான அரீனா ஃபுட்பால்ல, அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் அணியில. அங்க மைதானமே 50 கெஜம்தான், அணிக்கு எட்டு பேர். நின்னு யோசிக்க இடமே கிடையாது. அந்த நெருக்கடியில மூணு சீசன் ஆடின கை, பந்தைச் சட்டுன்னு விடப் பழகிடுச்சு.

1998-ல ஐரோப்பிய லீக்ல ஆம்ஸ்டர்டாம் அணி. அங்கிருந்து என்எஃப்எல் அணியான செயின்ட் லூயிஸ் ராம்ஸ்ல மூணாவது குவார்ட்டர்பேக். 1999 ஆகஸ்ட்ல முதல் குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீனுக்கு முழங்கால் போச்சு. பயிற்சியாளர் டிக் வெர்மீல் கண் கலங்கிட்டே சொன்னார், வார்னரோட துணையா நின்னு நல்லா ஆடுவோம்னு.

அந்த சீசன்ல வார்னர் எறிஞ்சது 41 டச்டவுன் பாஸ் (பந்தை எதிரணி கோட்டுக்கு அப்பால் சேர்த்துப் புள்ளி எடுக்கிறதுதான் டச்டவுன்), லீக்கோட சிறந்த வீரருக்கான எம்விபி விருது!

(திரையில்: 2000 ஜனவரி 30, அட்லாண்டா)

சூப்பர் பவுல், என்எஃப்எல்-ஓட இறுதிப் போட்டி. எதிரணி டென்னசி டைட்டன்ஸ். 16-16. ஆட்டம் முடிய ரெண்டு நிமிஷம்தான். வார்னர் பந்தை விடுற நேரத்துல டைட்டன்ஸ் வீரர் ஜெவான் கியர்ஸ் வந்து மோதுறார். பந்து கொஞ்சம் குறைவான தூரமே போகுது. ராம்ஸ் வீரர் ஐசக் புரூஸ் ஓட்டத்தைக் குறைச்சு, திரும்பி வந்து பிடிச்சு, கோடு வரைக்கும் ஓடிடுறார். 73 கெஜம். இன்னும் கால் செகண்ட் தாமதிச்சிருந்தா அந்த பாஸே இல்லைன்னு நான் நினைக்கிறேன். கடைசி முயற்சியில டைட்டன்ஸ் கோட்டுக்கு ஒரே ஒரு கெஜம் முன்னாடி நின்னுபோனாங்க. 23-16.

2001-ல மறுபடியும் எம்விபி. அப்புறம் கையில காயம். 2003 முதல் மேட்ச்ல பந்தை ஆறு தடவை நழுவவிட்டார், இடமும் போச்சு. நியூயார்க் ஜயன்ட்ஸ்ல இளம் ஈலை மேனிங்குக்கு வழிவிட வேண்டியதாச்சு. அரிசோனா கார்டினல்ஸ்தான் அவருக்கு ரெண்டாவது வாழ்க்கை. அதுவரைக்கும் சூப்பர் பவுலையே பார்க்காத அணியை 2009 பிப்ரவரியில அங்க கொண்டுபோனார். பிட்ஸ்பர்க்கிட்ட 27-23-ன்னு தோத்தாலும் 377 கெஜம் எறிஞ்சார், 37 வயசுல!

2010 ஜனவரியில, பேக்கர்ஸுக்கு எதிரான பிளேஆஃப்ல (தோத்தா வெளியேறணும்கிற ஆட்டம்) 33 பாஸ்ல 29 சரியா போச்சு. அஞ்சு டச்டவுன். தவறினது நாலுதான். அதே மாசம் ஓய்வு அறிவிச்சார். சாதனை வீரர்களைக் கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேம்ல, 2011-ல அரீனா ஃபுட்பாலும், 2017-ல என்எஃப்எல் வீரர்களுக்கானதும் அவரைச் சேர்த்துக்கிட்டாங்க.