ஆங்கிலத்திலும் எங்கள் ஊர் பினாங்குதான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பினாங்கு மக்களே! 'ஜார்ஜ் டவுன் மக்களே' என்று நான் கூப்பிட்டிருந்தால், உங்களில் பாதிப் பேர் யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்திருப்பீர்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆங்கிலத்தில் நம் நகரத்துக்குப் பொருத்தமான பெயர் ஜார்ஜ் டவுனா, பினாங்கா? இதுதான் தலைப்பு. எதிரணியில் பேசிய வழக்கறிஞர் அக்கா மூன்று ஆதாரம் வைத்தார். 1957இல் நகரத் தகுதி ஜார்ஜ் டவுனுக்குத்தான் கிடைத்தது. 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதும் அந்தப் பெயர்தான். பினாங்கு என்பது மாநிலத்தின் பெயர், அதைப் போய் நகரத்துக்குச் சொன்னால் குழப்பம். மூன்றுக்கும் பதில் இருக்கிறது. அதற்கு முன் ஒரு பெயர் செத்த கதையைக் கேளுங்கள்.

1786 ஆகஸ்ட் 11 அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். மறுநாள் பிரிட்டிஷ் பட்டத்து இளவரசரின் பிறந்தநாள். உடனே தீவுக்கு 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஐலண்ட்' என்று பெயர். ஊருக்கு அப்பா பெயர், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயர். ஆக மகனுக்குத் தீவு, அப்பாவுக்குக் குடியிருப்பு! அரசாங்கக் காகிதங்களில் அந்த இளவரசர் பெயர் பல ஆண்டுகள் ஓடியது. 1806இல் வந்த முதல் பத்திரிகையே 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஐலண்ட் கெசட்'தான். இன்று? வெள்ளைக்காரர்களே அதைக் கைவிட்டுவிட்டார்கள். பின்னால் வந்த பத்திரிகை 'பினாங் கெசட்' ஆகிவிட்டது. ஆட்சி அவர்களுடையது, அச்சகமும் அவர்களுடையது, மொழியும் அவர்களுடையது. அப்படியிருந்தும் அவர்கள் வைத்த பெயர் அவர்கள் வாயிலேயே நிற்கவில்லை. ஏனென்றால் லைட் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்தத் தீவுக்குப் பெயர் இருந்தது. சீனக் கடலோடி செங் ஹோவின் பயணங்களை ஒட்டிய சீனக் கடல்வரைபடத்தில் இது பாக்குத் தீவு. மலாய்க்காரர்களுக்குப் பூலாவ் பினாங், அதுவும் பாக்குத் தீவுதான்.

'போயும் போயும் ஒரு நகரத்துக்குப் பாக்கின் பெயரா?' என்று எதிரணித் தம்பி சிரித்தார். தம்பி, உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது. மலாய் மொழியில் பெண் கேட்பதற்கே 'மெமினாங்' என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல் பிறந்ததே பாக்கைக் குறிக்கும் 'பினாங்' என்ற சொல்லிலிருந்து. நம் வீட்டிலும் பாக்கு வெற்றிலை மாற்றாமல் எந்த நிச்சயம் நடக்கிறது? சிரிப்பதை நிறுத்திவிட்டு முதலில் பாக்கு வாங்கி வையுங்கள்.

அடுத்து, எந்த ஜார்ஜ் என்று ஒரு சந்தேகம். தென் அமெரிக்காவில் கயானாவின் தலைநகரம் ஜார்ஜ்டவுன், அதுவும் இதே மூன்றாம் ஜார்ஜ்தான். கேமன் தீவுகளின் தலைநகரமும் ஜார்ஜ் டவுன். நம் தாத்தாக்கள் கப்பலேறிய சென்னையிலேயே, பிளாக் டவுன் என்று இருந்ததை ஐந்தாம் ஜார்ஜ் பெயரில் மாற்றினார்கள். கயானாவுக்கு ஒரே சொல், நமக்கு இரண்டு சொல். இந்த வித்தியாசம் நம் ஊர்ப் பலகை எழுதுபவர்களுக்கே மறந்துபோகிறது, பாதிப் பலகைகளில் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். பினாங் என்று சொல்லிப் பாருங்கள், 'எந்த பினாங்?' என்று எவரும் கேட்கமாட்டார்.

ஆங்கிலத்துக்குள் எந்தப் பெயர் ஊறியிருக்கிறது என்று பார்க்க அகராதியைப் புரட்டினாலே போதும். 'பினாங் லாயர்' என்று ஒரு சொல் இருக்கிறது. அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது, அது ஒரு கைத்தடி. குட்டைப் பனை வகையின் தண்டில் செய்தது, தலைப்பக்கம் குமிழாக இருக்கும். ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்றின் தொடக்கத்தில் அவர் வீட்டில் யாரோ மறந்து வைத்துப் போன தடி இதுதான். லண்டன் கனவான் கையில் பிடித்துக்கொண்டு நடந்தது நம் ஊர்ப் பெயரை! ஜார்ஜ் டவுன் லாயர் என்று ஒரு தடியை அக்கா காட்டட்டும், நான் உட்கார்ந்துவிடுகிறேன்.

இப்போது அந்த மூன்று ஆதாரங்கள். 1957 ஜனவரி முதல் நாள் நகரத் தகுதி வந்தது உண்மை. ஆனால் அன்றைய நகரம் இன்றைய நகரம் இல்லை. நடுவில் நகராட்சி அமைப்பு மாறியது, எல்லை மாறியது. 2015இல் தீவு முழுவதற்குமாக மாநகர் மன்றம் வந்தது. அதன் பெயர் என்ன? மஜ்லிஸ் பண்டாராயா பூலாவ் பினாங்! வீட்டு வரி, அதான் சுக்காய் பிந்து ரசீதை எடுத்துப் பாருங்கள். உங்களிடம் காசு வாங்குகிற மன்றத்தின் பெயரில் ஜார்ஜ் எங்கே இருக்கிறார்?

யுனெஸ்கோ கதையும் அப்படித்தான். மலாக்காவோடு சேர்த்துப் பட்டியலில் ஏற்றியது பழைய நகரத்தின் ஒரு பகுதியை மட்டும். ஆயர் ஈத்தாம் அதில் இல்லை, ஜெலுத்தோங் இல்லை. தைப்பூசத்துக்குக் கூட்டம் கூட்டமாக நாம் ஏறுகிற தண்ணீர்மலையும் அந்தக் கோட்டுக்கு வெளியேதான். முருகனையே வெளியே நிறுத்திவிட்டு அதுதான் நகரம் என்றால் எப்படி? சூலியா ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட் இருக்கிற அந்தப் பழைய பகுதிக்கு ஜார்ஜ் டவுன் என்று தாராளமாகச் சொல்லுங்கள். அங்கே நானும் அப்படித்தான் சொல்வேன்.

மாநிலமும் நகரமும் ஒரே பெயரில் இருந்தால் குழப்பம் என்றீர்கள். நியூயார்க் மாநிலத்தில்தான் நியூயார்க் நகரம் இருக்கிறது, அங்கே யாரும் வழி தவறியதாகத் தெரியவில்லை. தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் இருப்பவரும் மாநிலக் கணக்கில் பினாங்குக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் ஃபெர்ரி ஏறும்போது எங்கே போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். 'பினாங்குக்கு' என்பார்! பினாங்கு மாநிலத்துக்குள் நின்றுகொண்டே பினாங்குக்குப் போகிறார். பேச்சில் அந்தப் பெயர் தீவையும் நகரத்தையும்தான் குறிக்கிறது என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மணி அடித்துவிட்டது நடுவர் அவர்களே, ஒரே ஒரு கேள்வி. அடுத்துப் பேச வரும் எதிரணி அண்ணன் கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் வந்ததாகச் சொன்னார். அவர் பெட்டியில் ஒட்டிய சீட்டு இன்னும் கிழியவில்லை என்றால், அதில் பெரிய எழுத்தில் இருக்கிற நம் விமான நிலையக் குறியீட்டை, அந்த மூன்று எழுத்தை, மேடையேறியதும் முதலில் படித்துக்காட்டட்டும்.